பழுப்பும் பற்றும்

ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் அட்டை நிறம் மாறும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எதனால் மாறுகிறது என்பது முதல் கேள்வி. அதற்கு வேதியியல் விடை சொல்லிவிடுகிறது. மாறிய பிறகும் அது அதே அட்டைதானா, மாறாமல் காக்க முனைவது எதுவரை தகும் என்பது இரண்டாவது. தருக்க நூலாரும் பௌத்தரும் மண்குடத்தையும் விளக்குச் சுடரையும் பாலையும் வைத்து நெடுங்காலம் வாதிட்ட கேள்வி அது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் தோதான ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருந்தாலும், சுரங்க வேலைக்கென்று வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களால் நிறைந்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பௌத்தம் அங்கே வேர்விட்டது. நூற்றிருபது ஆண்டுகளாக அந்த ஊர் பூமிக்குள்ளிருந்து எடுத்ததோ, காற்றிலும் ஈரத்திலும் நிறம் மாறாத உலோகம்.

அட்டைக்குள் நடப்பது

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ 1972இல் வந்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் தொடங்கின. சேர்த்துவைக்க வேண்டும் என்று யாரும் இவற்றை அச்சிடவில்லை. படித்து, நாலு பேரிடம் கைமாறி, கடைசியில் பழைய பேப்பர் கடை எடைத்தட்டுக்குப் போகும் பொருளாகவே இவை விற்றன. விலைக்கேற்ற தாள்தான் போட முடிந்தது: உள்ளே செய்தித்தாள் ரகம், மேலே சற்றுக் கனமான வழவழப்புத் தாள்.

அட்டையின் நிறமாற்றத்தில் பாதிக் கதை இந்த உள்தாளில் இருக்கிறது. செய்தித்தாள் ரகக் காகிதம் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழிலிருந்து வருகிறது. மரநார்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அந்தக் கூழில் நீங்காமல் தங்கிவிடும். வெளிச்சமும், அதிலும் புற ஊதாக் கதிரும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து லிக்னினைச் சிதைக்கும்போது மஞ்சளும் பழுப்புமான சேர்மங்கள் உண்டாகின்றன. இன்னொரு காரணம் அமிலம். மை ஊறிப் பரவாமலிருக்கக் கூழில் படிகாரமும் ரோசினும் சேர்க்கும் முறையை மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் 1807இல் வெளியிட்டார். அடுத்த நூற்றைம்பது ஆண்டு உலகத்துக் காகித ஆலைகள் பெரும்பாலும் அதையே பின்பற்றின. படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுவைக்கிறது. அந்த அமிலம் ஈரத்தின் துணையோடு செல்லுலோஸ் இழைகளைத் துண்டுதுண்டாக அறுக்கிறது. மஞ்சளித்த பக்கம் மூலையை மடித்ததும் அப்பளம் போல ஒடிவது இதனால்தான்.

அட்டைத்தாளின் கூழ் இதைவிடத் தூயது. அதன்மேல் வெண்களிமண்ணோ கால்சியம் கார்பனேட்டோ பூசியிருப்பதால் தன்னளவில் அது மெதுவாகவே மஞ்சளிக்கும். ஆனால் உள்தாளின் அமிலமும் அது சிதையும்போது கிளம்பும் ஆவிகளும் அட்டையின் உட்புறத்தில் ஏறுகின்றன. பழைய இதழின் அட்டையைத் திறந்தால் உட்புறம் தேநீரில் நனைந்து காய்ந்தாற்போல இருக்கும். காற்று எளிதாகப் புகும் ஓரங்களில் அந்த நிறம் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் காணப்படும்.

வெளிப்புறத்தில் நடப்பது வேறு. அட்டைப்படம் நான்கு மைகளால் ஆனது: சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு. கருப்பு வெறும் கரி. வெளிச்சம் அதை ஒன்றும் செய்வதில்லை. சயானுக்குப் பயன்படும் தாலோசயனின் நீலம் 1930களில் சந்தைக்கு வந்த உறுதியான நிறமி. மலிவு அச்சில் பயன்படும் மஜந்தாவும் மஞ்சளும் வெளிச்சத்தில் நெடுநாள் தாங்குவதில்லை. ஆகவே சன்னலோரம் கிடந்த இதழில் முதலில் கதாநாயகனின் முகத்துச் செம்மை போகும். பிறகு தீப்பிழம்பின் ஆரஞ்சு போகும். கடைசியில் நீலமும் கருப்பும் மட்டும் நிற்கும். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரிகிற மாயாவியின் கதை அவருடைய அட்டைக்கே நேர்கிறது.

ஈரம் வேறு வகைக் கறைகளைக் கொண்டுவரும். நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துத் தண்டில் செம்பழுப்புத் தடம் விடும். பூஞ்சையாலும் தாளில் கலந்த இரும்புத் துகளாலும் சிறு செம்புள்ளிகள் தோன்றும். கிழிசலுக்கு ஒட்டிய செல்லோடேப் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, எண்ணெய் வழிந்தது போன்ற மஞ்சள் பட்டையாக நிற்கும்.

வைத்த இடம்

ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் வெளிவந்த இரு பிரதிகள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டு வேறு பொருள்களாக இருப்பதற்குக் காரணம் அவை வைக்கப்பட்ட இடம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காகிதச் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காப்பகத் துறையினரின் பொதுக் கணக்கு. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. அதைவிட, அது ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையின் உப்புக்காற்றும் புழுக்கமும் அங்கே இல்லை. அந்த அளவில் காகிதத்துக்கு நல்ல ஊர். ஆனால் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகள் சின்னவை. தகரக் கூரை பகலில் காய்ந்து இரவில் குளிரும். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியும் கூடவே காய்ந்து குளிரும். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. ஊரார் சயனைடு மேடு என்பார்கள். காற்று வீசும் மாதங்களில் அதன் மாவு போன்ற தூசி வீடுகளுக்குள் வந்து படியும்.

அப்படிப்பட்ட வீட்டில் அலமாரித் தட்டில் அடுக்கிய இதழ்களுள் ஒன்று அரை விரற்கடை துருத்திக்கொண்டிருந்தது என்று கொள்ளலாம். பல ஆண்டு கழித்து அதை உருவி எடுத்தால் வலது ஓரத்தில் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு இப்பால், மேலிருந்த இதழ் மூடிக் காத்த பகுதியில், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். அப்பால் அதே சிவப்பு சாம்பலேறி, தாள் பழுத்திருக்கும். கோட்டின் இரு பக்கமும் ஒரே தாள், ஒரே மை, ஒரே வயது. வேறுபாடு முழுவதும் சூழ்நிலையால் வந்தது. பின்னால் வரும் வாதத்துக்கு இந்தக் கோடு நல்ல சான்று.

சுட்ட குடத்தின் வழக்கு

பொருள் நிறம் மாறினால் அது அதே பொருளா என்பதை இந்தியத் தருக்கம் சூளையில் வைத்த குடத்தைக் கொண்டு ஆராய்ந்தது. பச்சைக் குடம் கருத்திருக்கிறது, சுட்டபின் சிவக்கிறது. வெப்பத்தால் குணம் மாறுவதற்குப் பாகம் என்று பெயர். வைசேடிகர் சொன்ன விளக்கம் பீலுபாகம், அதாவது அணுப்பாகம்: தீ புகுந்ததும் குடம் அணுக்களாகப் பிரிகிறது, ஒவ்வோர் அணுவிலும் கருமை நீங்கிச் செம்மை வருகிறது, அணுக்கள் மீண்டும் கூடிப் புதுக் குடமாகின்றன. சூளையிலிருந்து வெளிவருவது முன்பு உள்ளே போன குடமன்று. நையாயிகர் இதை ஏற்கவில்லை. குடத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. தீ அவற்றின் வழியே ஊடுருவி, குடத்தைக் குலைக்காமலே அதன் நிறத்தை மாற்றுகிறது என்றனர். இது பிடரபாகம். குடம் ஒரு கணம் அழிந்திருந்தால் அதன்மேல் அடுக்கிய குடங்கள் விழுந்திருக்க வேண்டாமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. ‘அதே குடம்’ என்று அடையாளம் காண்கிறோமே என்பதும் அவர்கள் வாதம். இந்த வழக்கைத் தமிழில் அறியச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் மொழிபெயர்த்த தருக்க சங்கிரகமும் அதன் தீபிகையும் உதவும்.

காமிக்ஸ் அட்டையைப் பொறுத்தவரை இரு கட்சிக்கும் பாதி வெற்றி. மாற்றம் மூலக்கூறு அளவில் நடக்கிறது. லிக்னினின் கட்டமைப்பு உடைந்து வேறு சேர்மமாகிறது. இது வைசேடிகர் பக்கம் பேசுகிறது. அட்டை இடையில் ஒரு கணமும் இல்லாமல் போகவில்லை. ஆக்சிஜன் தாளின் துளைகள் வழியேதான் நுழைகிறது. இது நையாயிகர் பக்கம்.

மூன்றாவது கட்சி சைவ சித்தாந்தத்தினுடையது. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றாது என்பது சற்காரியவாதம். அதன்படி பழுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. கடையில் தொங்கிய புத்தம்புது இதழிலேயே அது மறைந்திருந்தது. காகித வேதியியலோடு இது நன்றாகவே பொருந்துகிறது. லிக்னினும் படிகாரமும் முதல் நாளே தாளில் இருந்தன. வெண்மைதான் தற்காலிகம். ஆனால் மூடிய பகுதிக்கும் திறந்த பகுதிக்கும் இடையிலுள்ள கோட்டை இந்த வாதத்தால் மட்டும் விளக்க முடியாது. இரு பகுதியிலும் ஒரே காரணப் பொருள் இருந்தும் காரியம் வேறானது ஏன்? விடை சொல்லத் துணைக் காரணங்களைப் பேச வேண்டும். அங்கேதான் பௌத்தம் தொடங்குகிறது.

தங்கவயலின் விடை

அயோத்திதாசர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தங்கவயலில் மாரிகுப்பம் அதன் வலுவான கிளையாயிற்று. சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே கூடித் தருமம் படித்தார்கள். அவர் 1907இல் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலை பெயரிலேயே இருந்தது. தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. 1914இல் அவர் மறைந்த பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார்.

இவர்கள் பயின்ற தத்துவத்தின் நடுவே நிற்பது சார்பு என்ற கருத்து. எதுவும் தனித்து நிற்பதில்லை. காரணங்கள் கூடும்போது தோன்றி, அவை மாறும்போது மாறி, விலகும்போது நீங்குகிறது. மணிமேகலையின் முப்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உபதேசிப்பது இந்தச் சார்பின் பன்னிரு கண்ணிகளையே. அநித்தம், துக்கம், அநான்மா என்பவை அதோடு சேர்ந்த பாடம். சார்பின்படி அட்டை என்பது தாளும் மையும் காற்றும் வெளிச்சமும் ஈரமும் பெட்டியும் சேர்ந்து நடத்தும் ஒரு நிகழ்வு. வைத்த இடம் அட்டைக்கு வெளியே உள்ள செய்தியன்று. அட்டை இன்று எதுவாக இருக்கிறதோ அதில் அதற்கும் பங்குண்டு. துருத்திய ஓரத்தின் கோடு காட்டுவது இதைத்தான்.

அப்படியானால் பழுத்த அட்டை அதே அட்டையா? கிரேக்க மன்னன் மிலிந்தனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்னதாக வரும் விடை இங்கே பொருந்தும். கறந்த பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாகிறது. நெய்யும் பாலும் ஒன்று என்றால் தவறு. பாலோடு தொடர்பற்ற வேறொன்று நெய் என்றாலும் தவறு. இடையறாத ஒரு தொடர்ச்சி உண்டு. மாறாத கரு எதுவும் இல்லை. 1972இன் சிவப்பு அட்டையும் இன்றைய பழுப்பு அட்டையும் அப்படிப்பட்ட ஒரு தொடர்ச்சியின் இரு நிலைகள். தருக்க நூலார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடத்தில் பௌத்தம் கேள்வியையே திருத்திவிடுகிறது.

தங்கம் இந்த விதிக்கு விலக்கு என்று தோன்றலாம். ஆக்சிஜனோடு சேராத உலோகம். மண்ணுக்குள் கோடி ஆண்டுகள் கிடந்தும் மின்னுவது. அதே தங்கவயலில் அந்த நம்பிக்கையும் சோதனைக்குள்ளானது. பூமிக்கடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1980இல் 140 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காத்திருந்தன. அணுக்கருவிலுள்ள புரோட்டான் என்றாவது தானே சிதையுமா என்பது கேள்வி. சிதைவுபோலத் தோன்றிய சில நிகழ்வுகள் பதிவாயின. பிற ஆய்வுகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வின்படி, புரோட்டான் சிதைவதாகவே இருந்தாலும், அதற்கு முதன்மையாகக் கருதப்படும் வழியில் அதன் ஆயுள் 1க்குப் பின் 34 சுழியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல். நிலையாமை பொருளின் அடிமட்டம்வரை செல்கிறதா என்பது இன்னும் திறந்த கேள்வியே. செய்தித்தாள் ரகக் காகிதத்துக்கோ முப்பது ஆண்டே போதுமாக இருக்கிறது. மனிதர் கையாளும் பொருள்களிடையே உள்ள வேறுபாடு வேகத்தில்தான்.

காத்தலும் பற்றும்

எல்லாம் மாறும் என்றால் காப்பது எதற்கு? திருக்குறளில் நிலையாமை முப்பத்து நான்காம் அதிகாரம், அடுத்ததே துறவு. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால் சேகரிப்பே தவறு என்று முடிக்க நேரும். ஆனால் துறக்கச் சொல்வது பற்றை. பொருளைப் பேணுவதும் பொருளைப் பற்றுவதும் ஒன்றல்ல. நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் அவர் சாகவே மாட்டார் என்று நம்பிக் கொடுப்பதில்லை.

பேணுவதற்கான வழிகள் எல்லாமே சார்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துபவை. வெளிச்சத்தை விலக்க இருண்ட அலமாரி. வெப்பத்துக்குத் தகரக் கூரையை ஒட்டிய பரணை விட்டுக் கீழ்த்தட்டு. அமிலத்தை உறிஞ்ச, கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமற்ற அட்டையை இதழுக்குப் பின்னால் வைப்பார்கள். தூசிக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, பி.வி.சி. உறை ஆகாது, அதிலிருந்து கசியும் பொருள்களே மையைக் கெடுக்கும். பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும், பழுப்பை நிறுத்தாது. இத்தனையும் செய்தால் வேகம் குறையும், மாற்றம் நிற்காது. சேகரிப்பவருக்குக் கிடைப்பது ஒரு தவணை. அதைத் தவணை என்று அறிந்து செய்தால் பேணல். நிரந்தரம் என்று எண்ணிச் செய்தால் பற்று. பற்றின் அடையாளமும் வெளிப்படையானது: உறையைப் பிரித்தால் விலை குறையும் என்று, கதையைத் திறக்கவே அஞ்சுவது.

தமிழ் மரபுக்குப் பழக்கமான இன்னொரு வழி, உடலை விட்டு உள்ளீட்டைக் காப்பது. பனையோலைக்கும் ஆயுள் அளவுதான். ஆகவே சிதையும் சுவடியைப் புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பெயர்த்தெழுதாமலே ஆற்றில் விட்டவையும் தீயிலிட்டவையும் உண்டு என்பதை உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். ‘தமிழன்’ இதழ் எழுத்துகளுக்கு நல்ல விதி வாய்த்தது. ஒரு பைசாக் காகிதத்தில் வந்த அவை ஞான. அலாய்சியஸின் தொகுப்பில் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெயரில் பாளையங்கோட்டையிலிருந்து நூலாயின. காகிதத்தின் ஆயுளை எழுத்தின் ஆயுள் தாண்டியது. காமிக்ஸுக்கும் மறுபதிப்பு உண்டு. ஆனால் அட்டையின் நிலை சற்று வேறு. எழுத்தைப் பெயர்த்தெழுதலாம், 1972இன் சிவகாசி மை அந்தத் தாளில் ஊறிய விதத்தைப் பெயர்த்தெழுத முடியாது. அதனால்தான் மறுபதிப்பு வந்த பிறகும் மூலப் பிரதியைத் தேடுகிறார்கள். உள்ளீடு எது, உடல் எது என்ற பிரிவு அட்டையில் முழுமையாகச் செல்லாது.

புதுப்பித்தலும் வாய்மையும்

கடைசிக் கேள்வி, நிறம் மாறியதை மாறாததுபோல ஆக்கலாமா என்பது. மங்கிய இடத்தில் வண்ணம் தீட்டுவதும், ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுப்பதும், துருப்பிடித்த பின்னை மாற்றுவதும் நடைமுறையில் உண்டு. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் காமிக்ஸ் இதழ்களைப் பத்துப் புள்ளி அளவில் தரம் பிரிக்கிறது. உள்தாளின் நிறத்தை வெள்ளை முதல் பழுப்பு வரை தனியே குறிக்கிறது. புதுப்பித்த பிரதிக்கு ஊதாச் சீட்டு ஒட்டுகிறது. புதுப்பித்தலை அது தடுக்கவில்லை, அறிவிக்கச் செய்கிறது.

அறவியல் நோக்கில் இந்தப் பிரிவு சரியானது. அமிலத்தை நடுநிலையாக்குவதும் தூசியைத் துடைப்பதும் இனி நடக்கப்போகும் சிதைவைக் குறைப்பவை. வண்ணம் தீட்டுவது நடந்துமுடிந்ததை மறைப்பது. பழுப்பு என்பது அந்தப் பிரதி எந்தச் சூழ்நிலையில் இருந்தது என்பதற்கான சாட்சியம். ஓரத்துக் கோடு அது இருந்த அடுக்கைச் சொல்கிறது, தூசிப் படிவு ஊரைச் சொல்கிறது. சொல்லாமல் அதை அழித்து விற்பவர், பஞ்சசீலத்தில் பொய்யாமை என்ற சீலத்தை மீறுகிறார். சொல்லிவிட்டுச் செய்தால் அந்தத் தீட்டலும் அட்டையின் சார்புகளில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பரண்களில் பெட்டிகளும் இருக்கும். அங்கிருந்து ஒரு பழைய காமிக்ஸ் இதழ் வெளியே வந்தால் செய்யத்தக்கது இவ்வளவே: துடைத்து, உறையிட்டு, இருட்டான குளிர்ந்த தட்டில் வைப்பது, பழுப்பைப் பழுப்பாகவே விட்டுவைப்பது, அவ்வப்போது திறந்து படிப்பது.